கிம்ஜாங்: கொரிய இல்லங்களின் கூட்டுச் சமையலும் பகிர்ந்துண்ணலும்

அரசர் வரிசையும் போர்ச் செய்தியும் ஏடுகளில் நிலைபெற்ற அளவுக்கு, மக்கள் நாள்தோறும் உண்ட உணவு நிலைபெறுவதில்லை. விருந்துகள் பற்றிய குறிப்புகள் பல உள. சாதாரண நாளொன்றின் இராவுணவு பற்றிய குறிப்புகளோ மிகச் சில. உண்டவருள் எழுத்தறிந்தோர் இருந்தனர். சமைத்தவருட் பெரும்பாலார்க்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது என்பதே இதற்குரிய முதன்மைக் காரணம் எனலாம். எனினும், ஒரு சமூகம் தன் அன்றாட உணவை ஆண்டுக்கொருமுறை ஊரறியக் கூடிச் சமைக்குமாயின், அடுக்களையின் வரலாறு ஓரளவுக்கேனும் வெளிச்சத்துக்கு வருகின்றது. கொரிய மக்களின் கிம்ஜாங் வழக்கம் அத்தகையதொன்றாகும்.

இலையுதிர்காலத்தின் இறுதியில், உறைபனி வயல்களை மூடுமுன், குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கிம்ச்சியை ஒரேமுறையிற் செய்து சேமிப்பதே கிம்ஜாங் ஆகும். கிம்ச்சி என்பது உப்பிட்டுப் புளிக்கவைத்த காய்கறி. நீண்ட தலையுடைய சீனக் கோவாவும் முள்ளங்கியும் அதன் முதன்மைப் பொருள்கள். சோறும் சூப்பும் கிம்ச்சியும் இருப்பின் எளிய குடும்பத்தின் இராவுணவு நிறைவுற்றதாகவே கருதப்பட்டது. நிலம் உறைந்துகிடந்த மாதங்களிற் பச்சைக் காய்கறியின் இடத்தை நிரப்பியதும் இதுவே. ஆதலின், கிம்ஜாங் தவறிய வீடு பண்டிகைப் பலகாரம் ஒன்றை இழந்த வீடன்று. ஒரு பருவத்தின் உணவையே இழந்த வீடாகும்.

இவ்வேலைக்குரிய நாளை வானிலையே தீர்மானிக்கின்றது. நாளின் சராசரி வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்கும், அதன் மிகக் குறைந்த வெப்பநிலை 0 பாகைக்கும் கீழே நிலைகொள்ளும் காலமே ஏற்ற காலம் எனக் கணிக்கப்படுகின்றது. முந்தினால் கிம்ச்சி விரைந்து புளித்துவிடும். பிந்தினால் கோவா வயலிலேயே உறைந்துவிடும். எனவே வடபகுதியில் முன்னதாகவும், தென்கரையோரத்தில் டிசம்பர் வரை பிந்தியும் இது நிகழ்கின்றது. பிளந்த கோவாவை உப்புநீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவி நீர் வடிப்பர். முள்ளங்கிக் கீற்று, செத்தல் மிளகாய்த் தூள், உள்ளி, இஞ்சி, வெங்காயத் தாள், உப்பிட்ட சிற்றிறால் அல்லது நெத்தலி ஆகியவற்றின் கலவையை ஒவ்வோர் இலைக்கிடையிலும் பூசிச் சாடிகளில் அடுக்குவர். சாடியின் வாய் மட்டும் வெளித்தெரிய அதனை மண்ணிற் புதைப்பர். உப்பு அழுகலைத் தடுக்க, நிலத்தின் குளிர்ச்சி புளிப்பை மெல்ல நடத்த, இலத்திரிக்கமில நுண்ணுயிர்கள் தம் தொழிலைச் செய்யும்.

இவ்வழக்கம் பழைமையானது, ஆனால் இன்று காணப்படும் செந்நிறக் கிம்ச்சி அத்துணைப் பழைமையானதன்று. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வரலாற்று மாணவர்க்கு இன்றியமையாதது. கொரியோ காலப் புலவரான யி கியூ-போ (1168-1241) தம் வீட்டுத் தோட்டக் காய்கறிகளைப் பாடியவிடத்து, முள்ளங்கியைக் கோடைக்குச் சோயா ஊறலிலும் குளிர்காலத்துக்கு உப்பிலும் இடுவதைக் குறிப்பிடுகின்றார். அக்காலத்தில் மிளகாய் கொரியாவில் இல்லை. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அச்செடி, ஐரோப்பியரின் கடல்வணிகம் ஆசியாவை எட்டிய பின்னரே இங்கு வந்தது. 1614 ஆம் ஆண்டில் யி சு-குவாங் தொகுத்த ‘ஜிபொங் யுசொல்’ என்னும் நூல், மிளகாயை யப்பானிலிருந்து வந்ததொன்றாகக் கருதி, ‘யப்பானியக் கடுகு’ எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றது. 1592 முதல் 1598 வரை கொரியாவைச் சீரழித்த யப்பானியப் படையெடுப்பின் நினைவு மாறாத காலம் அது. அவ்வாறு வந்த காரம் கிம்ச்சியோடு கலந்தமைக்குத் தெளிவான சான்று, யூ ஜுங்-ரிம் 1766 இல் விரித்தெழுதிய வேளாண்மை, மனையியல் நூலிலேயே கிடைக்கின்றது. தலை திரண்ட பெருங்கோவாவின் பரவலான பயன்பாடோ அதற்கும் பிற்பட்டது. சங்கப் பாடல்களில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. எனினும் மிளகாயற்ற கறியை இன்று நாம் எண்ணிப்பார்க்கவும் இயலாதிருக்கின்றோம். கொரியரின் நிலையும் இதுவே.

ஆயின் மாறாதிருந்தது யாது? 19 ஆம் நூற்றாண்டின் நூல்கள் இரண்டு இதற்கு விடை தருகின்றன. ஜொங் ஹாக்-யு இயற்றியதாகக் கருதப்படும், உழவர்க்குரிய மாதக் கடமைகளைக் கூறும் பாடல், பத்தாம் மாதப் பகுதியிற் கோவாவையும் முள்ளங்கியையும் ஓடைநீரிற் கழுவுவது முதல் சாடிகளை வைக்கோலிற் பொதிந்து ஆழப் புதைப்பது வரை எடுத்துரைக்கின்றது. ஹொங் சொக்-மோ 1849 இல் எழுதிய ‘தொங்குக் செசிகி’ என்னும் பருவ வழக்கங்கள் பற்றிய நூலோ, கோடையிற் சோயா ஊறல் செய்வதும் குளிர்காலத்தை நோக்கிக் கிம்ஜாங் செய்வதும் இல்லங்களின் ஆண்டுத் திட்டத்திற் பெரும் பணிகள் என்கின்றது. இவற்றை எழுதியோர் கற்றறிந்த ஆடவர். அவர்கள் குறித்த வேலையைச் செய்தோர் பெண்களும் ஏவலருமே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பெரிய குடும்பமொன்று நூறு கோவாவுக்கு மேலும் கிம்ச்சி செய்வது வழக்கம். இதனைத் தனியொரு பெண் இரு நாளிற் செய்து முடித்தல் இயலாது. ஆகவே அயல்வீட்டுப் பெண்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடினர். இன்று பெற்ற உழைப்பை நாளை உழைப்பாலேயே திருப்பிக் கொடுக்கும் இம்முறை பும்-ஆ-சி எனப்படும். இங்குப் பணம் கைமாறுவதில்லை. கடன் மட்டும் நினைவில் வைக்கப்படும். நாற்று நடுகையில் ஊர் முழுவதும் திரண்டு உழைத்த ‘துரே’ என்னும் அமைப்பு, கிராமத்தின் பழைய வேளாண்மை ஒழுங்கு குலைந்தபோது 20 ஆம் நூற்றாண்டில் நலிவுற்றது. பெண்களின் கிம்ஜாங் உழைப்பு மாற்றோ கிராமத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த பின்னரும் பிழைத்திருந்தது. வயலை இழந்தோர்க்கும் குளிர்காலம் இருந்தது. குளிர்காலம் இருந்தமையால் அயலாரும் தேவைப்பட்டனர்.

வேலை முடிந்த மாலையில், உதவிக்கு வந்தோர்க்கு உணவளிப்பது வீட்டுக்காரியின் கடமையாகும். அவித்த பன்றியிறைச்சித் துண்டுகளை, உப்பில் ஊறிய கோவாவின் உள்ளிலைகளிற் புதுக் கலவையோடு சுற்றி உண்பர். கோவா இலையிட்ட சூப்பும் இருக்கும். விறைத்த கைகளோடு வந்தமர்ந்தோரின் இவ்வுணவே அவ்வுழைப்பு மாற்றின் முதற் கணக்குத் தீர்ப்பு. பின்னர் ஒவ்வொருவரும் புதுக் கிம்ச்சியில் ஒரு பங்கைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வர். முதியோர்க்கும் வறியோர்க்கும் பங்கு அனுப்பப்படும். இவ்வாறு, ஒரு வீட்டின் குளிர்கால இராவுணவிற் பல வீடுகளின் கிம்ச்சி இடம்பெற்றது. ‘கைச்சுவை’ எனப் பொருள்படும் ‘சொன்மத்’ என்ற சொல்லாற் கொரியர் சமைப்பவரின் தனித்தன்மையைக் குறிப்பர். உப்பின் அளவு ஏட்டில் எழுதப்படவில்லை. மாமியின் கையைப் பார்த்து மருமகள் கற்றாள், அயலாளின் சாடியைச் சுவைத்துத் திருத்திக்கொண்டாள்.

இதனைக் குறையற்ற பொற்காலமாகக் காட்டுதல் வரலாறாகாது. உயர்குடி இல்லங்களிற் கடும்வேலை அடிமைகள்மேல் விழுந்தது. ஏனைய இல்லங்களில் மருமகளின் கைகளே உறைநீரில் வெடித்தன. பகிர்வின் இனிமை எல்லார்க்கும் உரியதாயினும், அதன் சுமை சமமாகப் பகிரப்படவில்லை.

கைத்தொழில் வளர்ச்சி இவ்வழக்கத்தை முதலில் அழிக்கவில்லை, தனக்கேற்ப மாற்றிற்று. தென்கொரியாவில் 1960 களிலிருந்து நிறுவனங்கள் பல தம் ஊழியர்க்குப் பருவந்தோறும் கிம்ஜாங் கொடுப்பனவு வழங்கின. நகரத்துத் தொழிலாளி கோவாவை விளைவிப்பவனல்லன், வாங்குபவன். எனவே அவனுக்கு ஒரே வேளையிற் பெருந்தொகை தேவைப்பட்டது. 1950 இல் யப்பானிலிருந்து கொரியாவுக்கு வந்த தாவரவியலறிஞர் ஊ ஜாங்-சுன் (1898-1959) கோவா, முள்ளங்கி விதைகளை மேம்படுத்தியமை இவ்வுணவுக்கு அடித்தளமிட்டது. பின்னர் தொடர்மாடி வீடுகள் பெருகின. சாடி புதைக்க மண் இல்லாதாயிற்று. 1990 களின் நடுப்பகுதியிற் பரவத் தொடங்கிய கிம்ச்சிக் குளிரூட்டி, புதைகுழியின் வெப்பநிலையைச் சமையலறைக்குள் கொண்டுவந்தது. கடையில் ஆண்டு முழுவதும் கிம்ச்சி கிடைக்கலாயிற்று. தேவை என்ற கட்டாயம் தளர்ந்ததும், அதன்மேல் நின்ற அயலுறவும் தளர்ந்தது.

எனினும் 2010 இல் சீரற்ற வானிலையாற் கோவா விளைச்சல் குன்றி, விலை பன்மடங்கு ஏறியபோது, அரசே இறக்குமதித் தீர்வையைத் தற்காலிகமாக நீக்கவேண்டி நேர்ந்தது. அன்றாட இராவுணவு அரசியலின் புறத்தேயுள்ள பொருளன்று என்பதை இது காட்டிற்று. 2013 இல் யுனெஸ்கோ, தென்கொரியாவின் கிம்ஜாங்கை மானிடத்தின் தொட்டுணரவியலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. 2015 இல் வடகொரியாவின் கிம்ச்சி மரபும் தனியே சேர்க்கப்பட்டது. எல்லைக்கோட்டால் இரண்டாக்கப்பட்ட மக்கள், ஒரே இராவுணவை இரு பதிவுகளாகப் பெற்றனர். தென்கொரியப் பதிவின் தலைப்பில் ‘தயாரித்தல்’ என்பதனோடு ‘பகிர்தல்’ என்பதும் இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது.

இத்தலைப்பே இவ்வரலாற்றின் சாரத்தையும் சுட்டுகின்றது. மிளகாய் வந்தது, கோவா மாறிற்று, சாடி குளிரூட்டியாயிற்று. பண்டம் ஒவ்வொன்றும் மாறியபோதும் கிம்ஜாங் என்ற பெயர் நிலைத்தமைக்குக் காரணம், அப்பெயர் பண்டத்தை மட்டுமன்றி ஓர் உறவையும் குறித்தமையே. உறவு மறைந்து பண்டம் மட்டும் எஞ்சுமாயின் அது கடைச்சரக்காகும்; அதற்குக் கிம்ஜாங் என்ற பெயர் பொருந்தாது. இன்று நகரங்களிற் குடும்பங்கள் வார இறுதியிற் பெற்றோர் வீட்டில் ஒன்றுகூடுவதும், ஆடவரும் கோவா கழுவ அமர்வதும், தொண்டர்கள் பொதுவிடங்களிற் கூடிக் கிம்ச்சி செய்து தனித்து வாழும் முதியோர்க்கு அனுப்புவதும் அவ்வுறவைப் புதிய நிலைமைகளிற் காக்கும் முயற்சிகளாகும். அவை நிலைபெறுமா என்பது, பங்கைப் போலவே உழைப்பும் சமமாகப் பகிரப்படுமா என்பதிலேயே தங்கியுள்ளது.