சிமிலியும் உவமையும்: கந்தளாய் வழியே ஓர் அணி வரலாறு

நமது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்ற எவருக்கும் பரீட்சைக்கு முந்திய மீட்டல் வகுப்புகள் நினைவிலிருக்கும். சிமிலி, மெற்றபர், ஹைப்பர்போலி, ஐரனி என்று கரும்பலகை நிறையும். மணி அடித்ததும் தமிழ்ப் பாடம். அதே பலகையில் உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, வஞ்சப்புகழ்ச்சி என்று வரும். முன்னது வெளிநாட்டுச் சரக்கு, பின்னது வீட்டுச் சொத்து என்பது மாணவியரிடையே பொதுவான எண்ணம். இரண்டின் வரலாற்றையும் பார்த்தால் அப்படிப் பிரிப்பது கடினம் என்பது தெரியவரும்.

ஆங்கிலப் பெயர்களில் பல ஆங்கிலேயருக்கே கடன் சொற்கள். கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்தவை. 'மெற்றபர்' என்பதன் கிரேக்க மூலத்துக்கு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லுதல் என்று பொருள். 1589இல் ஆங்கிலக் கவிதைக் கலை பற்றிய நூலொன்றில் ஜோர்ஜ் புட்டன்ஹாம் இப்பெயர்களைத் தம் மக்களுக்கு விளங்கும் சொற்களில் மாற்றிப் பார்த்தார். ஐரனியை 'உலர்ந்த கேலி' என்றும், ஹைப்பர்போலியை 'உரத்த பொய்யன்' என்றும் அழைத்தார். அவை நிலைக்கவில்லை, கிரேக்கப் பெயர்களே நின்றன. ஆகவே இச்சொற்கள் வாயில் நுழையவில்லை என்று வருந்திய மாணவியருக்கு நல்ல துணை உண்டு.

நம் பக்கத்தில் தொல்காப்பியம் உவமைக்கென ஓர் இயலையே ஒதுக்கி, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியே உவமை பிறக்கும் என்று வகுத்தது. பின்னர் தண்டி வடமொழியில் இயற்றிய காவியாதர்சம் தெற்கே இரு மொழிகளில் வேர்விட்டது. 12ஆம் நூற்றாண்டில் அதைத் தழுவித் தமிழில் தண்டியலங்காரம் எழுந்தது. அதன் பொருளணியியல் 35 அணிகளைக் கூறுகிறது. அதற்கும் முன்பே இலங்கையில் அதே நூலைத் தழுவிச் சிங்களத்தில் சியபஸ்லகர தோன்றிவிட்டது. அணி இலக்கணத்தில் தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் ஆசான் ஒருவரே.

இரு மொழியும் அருகருகே வழங்கும் கந்தளாயில் இச்செய்தி தனிப் பொருள் பெறுகிறது. அங்குள்ள பெருங்குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்கிறது கோணேசர் கல்வெட்டு வழிவந்த தமிழ் மரபு. இரண்டாம் அக்கபோதி என்கிறது சிங்கள வரலாற்று மரபு. சோழர் காலத்தில் அவ்வூர் வேதம் வல்லோர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலம். அருகிலுள்ள பாலமோட்டையில் கிடைத்த, முதலாம் விஜயபாகு காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று, நங்கைசானி என்னும் அந்தணப் பெண் தன் கணவர் நினைவாகக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்கு வைத்த அறக்கொடையைப் பதிந்திருக்கிறது. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் பெயர் அங்கே கல்லில் தமிழில் நின்றதை நம் மலரில் குறித்துவைப்பது தகும்.

இரு மொழி அறிவையும் ஒன்றாக்கிக் காட்டியவர்களும் நம் மாகாணத்திலேயே இருந்தார்கள். திருகோணமலை தந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் 'மோகனாங்கி' நாவலை வெளியிட்டார். கிளியைத் தூதனுப்பும் பழைய மரபை எடுத்துப் பெண்விடுதலை பேசும் 'தத்தை விடு தூது' பாடினார். பதில் பேசாத ஒன்றை விளித்துப் பேசுவதை ஆங்கில வகுப்பில் அப்பொஸ்றபி என்பர்; நமக்கு அது முழுச் சிற்றிலக்கியமாகவே விரிந்தது. திருகோணமலையின் கல்விப் பணியோடு நெருங்கிய தொடர்புகொண்டிருந்த சுவாமி விபுலாநந்தர், 1926இல் வந்த 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' ஆக்கி, அவர் நாடகங்களை நம் நாடக இலக்கணத்தின் துணையோடு ஆராய்ந்தார்.

ஒன்றுக்கொன்று என்று மனனம் செய்தால் மட்டும் இடறல் வரும். அலிற்றறேஷனுக்கு ஈடாக மோனையைச் சொல்கிறோம். ஆனால் மோனை நமக்கு யாப்பில் தொடை. மெற்றோனிமிக்கு நெருங்கிய ஆகுபெயரை நன்னூல் சொல்லிலக்கணத்தில் வைக்கிறது. பேர்சொனிபிகேஷனைத் தற்குறிப்பேற்றம் என்று எழுதுவது பலர் வழக்கம். உயிரற்றதற்கு மனித இயல்பு தருவது முன்னது; இயல்பாக நிகழ்வதற்குக் கவிஞர் தாமே ஒரு காரணம் கற்பிப்பது பின்னது. கந்தளாய்க் குளம் உறங்குகிறது என்றால் முன்னது. மதகில் நீர் இரைவது வயல்களைக் கூப்பிடத்தான் என்றால் பின்னது. 'வான் திறந்தது' என்றால் மழையா, குளத்து வான்கதவா என்று இருபொருள் தருவதால் சிலேடை. இதை ஆங்கிலத்துக்கு எந்த வழியிலும் கொண்டுபோக முடியாது.

பெயர்களை அறிவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் கந்தளாயே விடை வைத்திருக்கிறது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மற்ற நாளில் 'வெள்ளம் ஊரை விழுங்கியது' என்பது உயர்வு நவிற்சி. அன்று அது நடந்ததைச் சொல்லும் வாக்கியம். அக்காலத்து வன்செயல்களில் வீடு விட்டு ஓடியவர்களை ஏடுகள் 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதின. பெயரச் செய்தது யார் என்பது அச்சொல்லில் இல்லை. எந்தச் சொல் கூட்டுகிறது, எது மறைக்கிறது என்று பிரித்தறியும் கண்ணைத்தான் அந்த மீட்டல் வகுப்புகள் நமக்குத் தந்தன. வெளிநாட்டு அலுவலகங்களில் படிவம் நிரப்பிய நம்மில் பலருக்கு அது உதவியிருக்கிறது.

இன்று சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கிய நயமும் தமிழ் இலக்கிய நயமும் விருப்பப் பாடங்கள். நகரத்துக்கு வெளியே முன்னதற்கு ஆசிரியர் கிடைப்பது எளிதன்று. எங்கெங்கோ வாழும் பழைய மாணவியர் இணையவழியில் வாரம் ஒரு பாடவேளை தர முன்வந்தால், இரு பட்டியலையும் ஒரே பலகையில் அருகருகே எழுதிக் கற்பிக்கலாம். நூற்றாண்டு காணும் நம் சங்கம் இதைத் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்க வேண்டுமென்று விரும்புகிறோம்.