பியர்: ரயில் வைத்த பெயர்

இலங்கையின் தலைமன்னாரில் ஊர்மனை, ஸ்டேசன், பியர் என்று தனித்தனிக் குடியிருப்புகள் உண்டு. ஊர்மனை தமிழ்ப் பெயர். மற்ற இரண்டும் ரயிலோடு வந்தவை. ஆங்கிலத்தில் பியர் என்றால் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இறங்குதுறை. பாலத்தைத் தாங்கும் தூணுக்கும் அதே சொல்தான். இராமர் அணை வழியே இந்திய, இலங்கைக் கரைகளை ரயில் பாலத்தால் இணைக்கும் யோசனையும் ஒரு காலத்தில் இருந்தது. அது கைகூடாமல், 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விட்டார்கள். தூண்கள் எழவேண்டிய கடலில் இறங்குதுறைதான் எழுந்தது. சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் அன்று கொழும்புவரை போக முடிந்தது. ரயிலும் கப்பலும் சந்தித்த அந்த இடத்தின் பெயர் நிலையத்துக்கு வந்தது, பிறகு குடியிருப்புக்கு, பாடசாலைக்கு. இன்று ஒருவர் 'பியரில இருக்கிறம்' என்றால் தம் ஊரைச் சொல்கிறார்.

துறை, இறங்குதுறை என்ற நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்க, காலனி ஆட்சி விட்டுப்போன சொல்லை ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மன்னார்க் கரையில் தோணி கட்டிய துறைகள் பல நூற்றாண்டுப் பழையவை. தமிழகத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர் முதலில் வந்திறங்கியதும் இக்கரையில்தான். ஆனால் அவர்கள் அங்கிருந்து காட்டுவழியே நடந்தார்கள், வழியிலேயே பலர் மாண்டார்கள். பின்னாளில் இங்கே வந்திறங்கியவர்களை ரயில் ஏற்றிச் சென்றது. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களின் வழிவந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது, இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உறவுகளைப் பிரிந்து கப்பலேறியதும் இங்கேதான். துறை என்று பொதுப்பெயர் இட்டால் இந்த வரவும் வெளியேற்றமும் பெயரில் தங்காது. பியர் என்ற சொல்லுக்கு ஆங்கிலேயர் கொடுத்த பொருளைவிட, அந்த மக்கள் பட்டது கொடுத்த பொருளே பெரிது.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டதும் 1984-இல் அதுவும் நின்றது. தண்டவாளமும் போரில் சிதைந்தது. கப்பல் இல்லாத அந்த ஆண்டுகள் முழுவதும் ஊர் பியராகவே இருந்தது. 2015 மார்ச் 14 அன்று ரயில் தலைமன்னாருக்குத் திரும்பியது. கப்பல் இன்னும் வரவில்லை. அது வந்தாலும் வராவிட்டாலும், திருத்தம் என்ற பெயரில் இந்த ஊர்ப்பெயரில் எவரும் கைவைக்கக் கூடாது.