வில்வண்டியும் காற்றுப் பையும்

தேர்வாய் கண்டிகை சிப்காட் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பாரம் ஏற்றிய லாரி அசைந்து அசைந்து போகும். திரும்பி வரும் காலி லாரிதான் தூக்கித் தூக்கிப் போடும். முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும் என்பதற்காக ஸ்பிரிங் பட்டைகளை விறைப்பாக அடுக்கியிருப்பார்கள். பாரம் இல்லாதபோது அவை அவ்வளவாக வளையாது. பள்ளத்தில் விழும் அடி சேசிஸ் வழியாக டிரைவரின் முதுகுக்கு வந்து சேரும்.

இந்தப் பட்டைக்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று உண்டு: வில். நெல்லும் கல்லும் ஏற்றிய கட்டை வண்டிக்கு வில் கிடையாது. வசதியானவர்கள் ஏறிப் போனது வில்வண்டி. யார் குலுங்கலாம், யார் குலுங்கக் கூடாது என்பதை வண்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். புலையர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதை ஓட்டிப் போனார். வழிமறித்தார்கள்; அவர் இறங்கவில்லை. ஒரு வில்லின் மேல் உட்காருவதுகூட அன்றைக்குக் கலகம்தான்.

காற்றின் கதையும் வண்டியில்தான் தொடங்குகிறது. 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். உலகம் அதை மறந்தே போனது. 1888இல் டன்லப் அதை மறுபடி கண்டுபிடித்தார், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக. 1891இல் மிச்செலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார்கள். அந்த மிச்செலினின் டயர் ஆலைதான் இன்று தேர்வாய் கண்டிகையில் நிற்கிறது. மேய்ச்சல் நிலம் பறிபோகிறது என்று ஊர் மக்கள், பெரும்பாலும் தலித்துகள், போராடிய இடம் அது.

டயருக்குள் இருந்த காற்று அச்சுக்கு மேலேயும் ஏறியது. 1950களில் அமெரிக்காவின் நெடுந்தூரப் பேருந்துகள் ரப்பர் காற்றுப் பைகளின் மேல் ஓடின. 2001இல் வோல்வோ வந்த பிறகு நம் ஆம்னி பஸ் பயணிகளும் அந்த சுகத்தைக் கண்டார்கள். இப்போது சென்னை பாடியின் வீல்ஸ் இந்தியாவும் ஏர் சஸ்பென்ஷன் தயாரிக்கிறது.

லாரியில் இதைப் பொருத்துவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பட்டையைக் கழற்றாமலே, அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே இரண்டு பக்கமும் பிராக்கெட் வைத்து ஆளுக்கொரு காற்றுப் பையை மாட்டலாம். காற்று, ஏர் பிரேக் டேங்க்கிலிருந்தே வரும். நடுவில் ஒரு காப்பு வால்வு கட்டாயம் வேண்டும். பை கிழிந்தாலும் பிரேக்குக்கான காற்று போய்விடக் கூடாது. இப்படி மாட்டுவது பாரத்துக்குத் துணை மட்டும்தான். விறைத்த பட்டை அங்கேயேதான் இருக்கும். பட்டையை எடுத்துவிட்டு முழு ஏர் சஸ்பென்ஷன் போட்டால்தான் காலி வண்டியும் மெத்தென்று போகும். அதில் உயர வால்வு, பாரம் கூடினால் காற்றை ஏற்றும், குறைந்தால் இறக்கும்.

2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் காற்றை இறக்கி ஒரு பக்கமாகச் சாயும். சக்கர நாற்காலி ஏறும். அது தானாக வந்துவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்க் கேட்டு வாங்கியது.

லாரியிலும் காற்றுப் பை வருகிறது. கண்ணாடி உடையாமல் போக வேண்டும், மின்னணுச் சாமான் அதிராமல் போக வேண்டும் என்று சரக்குக்காரர் கேட்கிறார், கிடைக்கிறது. டிரைவர் அண்ணனின் முதுகுக்காக இன்னும் யாரும் கேட்கவில்லை.