முதுகுத் தழும்பு

டொமினிக்கன் குடியரசை ட்ருஹியோ 1930 முதல், 1961இல் சுட்டுக் கொல்லப்படும் வரை, ஆண்டான். அவன் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறுவது சுலபமல்ல. நியூயார்க்குக்கும் நியூ ஜெர்ஸிக்கும் ஜனங்கள் திரளாகப் போனது அவன் செத்த பிறகுதான். 1965இன் உள்நாட்டுப் போரும் அமெரிக்கப் படையெடுப்பும் அவர்களை மேலும் விரட்டின. ஆக, போனவர்கள் அவன் ஆட்சியில் வளர்ந்தவர்கள். ஒற்றன் எந்த வீட்டிலும் இருக்கலாமென்று வாயைக் கட்டிப் பழகியவர்கள்.

ஹூனோ டியாஸின் ஆஸ்கர் வாவ் நாவலில் (2007) வரும் பெலியை இந்தச் சரித்திரத்தோடு சேர்த்துத்தான் நான் படிக்கிறேன். தகப்பனை ஆட்சி சிறையில் தள்ளியது. அநாதைச் சிறுமியின் முதுகில் தீக்காயம். பின்னால் கரும்புக் காட்டில் குற்றுயிராக அடித்துப் போட்டார்கள். அமெரிக்காவில் மகள் லோலாவுக்கு அவள் தருவது ஏச்சும் அடியும்தான். மகள் தலையை மழித்துக்கொள்கிறாள், வீட்டைவிட்டு ஓடுகிறாள்.

இதைத் தலைமுறை இடைவெளி என்று சொல்லித் தாண்டிப் போவது விமர்சனச் சோம்பல். கண்காணிப்பு, மிரட்டல், மௌனம்: ட்ருஹியோ நாட்டை ஆண்ட முறையில்தான் பெலி வீட்டை ஆள்கிறாள். அவனால் சிதைக்கப்பட்டவளுக்கு வேறு முறை தெரியாது. ஒரு நாள் மகளைக் குளியலறைக்குக் கூப்பிட்டு, அவள் கையை எடுத்துத் தன் மார்பிலுள்ள கட்டியின்மேல் வைக்கிறாள். முதுகுத் தழும்பின் கதையை அப்போதும் சொல்வதில்லை.