இந்தியாவில் வினையூக்கி மாற்றி: ஈயமற்ற பெட்ரோலும் பழைய கார்களும்

வினையூக்கி மாற்றி என்பது காரின் எஞ்சினிலிருந்து வெளிவரும் நச்சுவாயுக்களைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கருவி ஆகும். பட்டறைகளில் இது கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்றே வழங்கப்படுகிறது. எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே புகைக்குழாயில் இது பொருத்தப்பட்டிருக்கும். இந்தியாவில் 1995 ஆம் ஆண்டு சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அன்று முதல் இக்கருவியின் வரலாறு பெட்ரோலின் தரத்தோடு பிணைந்தே வந்துள்ளது. பழைய கார் வைத்திருப்போர் பழுதான மாற்றிக்குப் பதிலாக எதைப் பொருத்துவது என்று முடிவு செய்யவும் இவ்வரலாறு உதவும்.

அமைப்பும் செயல்பாடும்

வெளியே எஃகுக் கூடு, உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. இதுவே மாற்றியின் பொதுவான அமைப்பு. சில வகைகளில் பீங்கானுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடு இருக்கும். தேன்கூட்டின் நுண்துளைகளில் அலுமினா பூசப்பட்டு, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மிகச் சிறிய அளவில் படியவைக்கப்படுகின்றன.

மூவழி மாற்றி மூன்று வேலைகளைச் செய்கிறது. கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. எரியாமல் எஞ்சிய ஹைட்ரோகார்பன்களை கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் ஆக்குகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகப் பிரிக்கிறது. வினையூக்கி வினையை விரைவுபடுத்துமே தவிர, தான் செலவாவதில்லை. ஆகவே நல்ல நிலையில் உள்ள மாற்றி பல ஆண்டுகள் உழைக்கும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது வெப்பம். ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசை எட்டிய பிறகே மாற்றி முறையாக வேலை செய்யும். இரண்டாவது எரிபொருள் கலவை. 1 பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தில்தான் மூன்று வினைகளும் ஒருசேர நன்கு நடக்கும். இவ்விகிதத்தைக் காக்கவே புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் பொருத்தப்படுகிறது.

தொடக்க வரலாறு

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய யூஜின் ஊத்ரி என்னும் பொறியாளர் 1950களில் கார்களுக்கான மாற்றியை உருவாக்கினார். ஆனால் அது அக்காலத்தில் பரவவில்லை. அதற்குக் காரணம் பெட்ரோலில் இருந்த ஈயம்.

எஞ்சின் தட்டுவதைத் தடுக்க டெட்ரா எத்தில் ஈயம் என்னும் சேர்மத்தைப் பெட்ரோலில் கலக்கும் முறையை, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்க்லி 1921 இல் கண்டறிந்தார். ஈயம் மனித உடலுக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு விளைவிப்பது. அதே ஈயம் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதையும் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே ஈயம் நீங்கினால்தான் மாற்றி நுழைய முடியும் என்ற நிலை இருந்தது.

அமெரிக்காவில் 1970 இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம் இத்தடையை உடைத்தது. 1975 மாதிரிக் கார்களில் பெரும்பாலானவை மாற்றியுடன் வந்தன. அவற்றுக்காக ஈயமற்ற பெட்ரோல் தனியே விற்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மூவழி மாற்றியும் ஆக்சிஜன் சென்சாரும் இணைந்த கார்கள் வந்தன.

இந்தியாவில் அறிமுகம்

வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985 இல் டெல்லி வாகனப் புகை குறித்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். இவ்வழக்கில் பிறந்த உத்தரவுகள் அரசின் நடவடிக்கைகளை விரைவுபடுத்தின. 1991 இல் பெட்ரோல் வாகனங்களுக்கான புகை வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. 1994 இல் நான்கு பெருநகரங்களில் ஈயம் குறைந்த பெட்ரோல் அறிமுகமானது.

1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு மாற்றி கட்டாயமாயிற்று. அங்கு ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. 1998 செப்டம்பரில் மேலும் பல நகரங்களுக்கு இவ்விதி விரிவாக்கப்பட்டது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்பட்டது.

1995 க்கும் 2000 க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகள் குழப்பமானவை. சென்னையில் மாற்றியுடன் வாங்கப்பட்ட கார், நெல்லிக்குப்பம், பண்ருட்டி போன்ற ஊர்களுக்கு வந்தால் அதற்குரிய பெட்ரோல் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஈயம் கலந்த பெட்ரோலை ஒரு சில முறை நிரப்பினாலே மாற்றி கெடத் தொடங்கும். கார் வழக்கம்போல் ஓடுவதால் உரிமையாளருக்கு இது தெரியவும் தெரியாது. கருவியை ஓரிடத்தில் கட்டாயமாக்கி, எரிபொருளை மற்றோரிடத்தில் மாற்றாமல் விட்டால் பயன் குறையும் என்பதை இக்காலம் காட்டியது. உலகில் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021 இல்தான் அதை நிறுத்தியது.

பாரத் நிலைகள்

2000 ஏப்ரலில் ‘இந்தியா 2000’ விதிகள் நாடு முழுவதும் வந்தன. பின்னர் பாரத் நிலை 2 (2005), நிலை 3 (2010), நிலை 4 (2017), நிலை 6 (2020) என வரம்புகள் நாடெங்கும் இறுகின. பெருநகரங்களில் நிலை 2 முதல் 4 வரையிலானவை சில ஆண்டுகள் முன்னதாகவே நடைமுறைக்கு வந்தன. நிலை 5 கைவிடப்பட்டது. ஈயத்தைப் போலக் கந்தகமும் மாற்றியின் திறனைக் குறைப்பது. நிலை 4 பெட்ரோலில் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்த கந்தக வரம்பு, நிலை 6 இல் 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

புகைப் பரிசோதனையிலும் இந்த வேறுபாடு உண்டு. எஞ்சின் வெறுமனே ஓடும் நிலையில், நிலை 2 க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 விழுக்காடு. நிலை 2, 3 கார்களுக்கு 0.5 விழுக்காடு. நிலை 4 கார்களுக்கு 0.3 விழுக்காடு.

பழைய காருக்கு மாற்றியைத் தேர்ந்தெடுத்தல்

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை முடித்து ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாற்றி பழுதாகியிருந்தால் அது பெரும்பாலும் இந்த வயதிலுள்ள கார்களில்தான் தெரியவரும். இழுவை குறைதல், அடியில் கலகலவென்ற ஓசை, அழுகிய முட்டை நாற்றம், புகைப் பரிசோதனையில் தோல்வி ஆகியவை அறிகுறிகள்.

முதலில் பழுதின் காரணத்தை அறிய வேண்டும். மாற்றி தானாகக் கெடுவதைவிட எஞ்சினால் கெடுவதே மிகுதி. ஸ்பார்க் பிளக் சரியாக எரியாவிட்டால் எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் சென்று எரிந்து தேன்கூட்டை உருக்கிவிடும். எஞ்சின் ஆயிலை எரித்தால் அதன் படிவு துளைகளை அடைக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் புதிய மாற்றி பொருத்தினால் அதுவும் விரைவில் கெடும்.

அடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பு மாதம், ஆண்டு, எஞ்சின் கொள்ளளவு, எரிபொருள் வகை ஆகியவற்றைக் கொண்டு காரின் பாரத் நிலையை உறுதிசெய்ய வேண்டும். நிலை 4 காருக்கு நிலை 2 காரின் மாற்றி போதாது. ஆக்சிஜன் சென்சார்களுக்கான துளைகளின் எண்ணிக்கையும் இடமும் பொருந்த வேண்டும். மாற்றிக்குப் பின்னுள்ள சென்சார் அதன் திறனைக் கண்காணிப்பதால், திறன் குறைந்தால் எஞ்சின் விளக்கு எரியும்.

நிறுவன உதிரிபாகம் விலை அதிகம். வெளிச்சந்தையில் கிடைக்கும் பொது வகை மாற்றிகள் மலிவு. விலை குறையக் காரணம் பெரும்பாலும் அரிய உலோகத்தின் அளவு குறைவாக இருப்பதே. அத்தகையது முதல் பரிசோதனையில் தேறினாலும் நெடுநாள் நிலைப்பதில்லை. எந்தப் பாரத் நிலைக்கு உரியது என்ற குறிப்பும் உத்தரவாதமும் ரசீதும் உள்ளதையே வாங்க வேண்டும். காயலான் கடையில் கிடைக்கும் பழைய மாற்றியின் உட்புற நிலையை வெளியிலிருந்து அறிய இயலாது. பழைய மாற்றியைக் கழற்றினால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதிலுள்ள உலோகங்களுக்கு மதிப்பு உண்டு. உலகின் பல நாடுகளில் மாற்றித் திருட்டு நடப்பதற்கும் இதுவே காரணம்.

மாற்றியை எடுத்துவிட்டு வெற்றுக் குழாய் பொருத்துவதும், கூட்டை வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் தேன்கூட்டை உடைத்து அகற்றுவதும் சில இடங்களில் நடக்கின்றன. காரின் மூல அமைப்பை மாற்றுவதையும் புகை வரம்பை மீறுவதையும் மோட்டார் வாகனச் சட்டம் தடை செய்கிறது. அபராதத்தைவிடப் பெரியது உடல்நலக் கேடு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் அத்தகைய கார் வெளிவிடும் நச்சுக்காற்றை அருகில் நிற்கும் பிள்ளைகள் அறியாமலே சுவாசிக்கின்றனர். ஈயத்தை நீக்கவும் மாற்றியைக் கொண்டுவரவும் நாடு மேற்கொண்ட முயற்சியின் பயன், ஒவ்வொரு காரிலும் அக்கருவி வேலை செய்யும்வரைதான் நீடிக்கும்.