முத்துச் சிப்பி முதல் நம் எஸ்.டி.பி. வரை

கடந்த மூன்று மாதமாக நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் லாரித் தண்ணீரையும் பார்க்கிங்கையும் பின்னுக்குத் தள்ளிய விஷயம் ஒன்று உண்டு. இரவு பதினோரு மணிக்கு மேல் பின்பக்கத்திலிருந்து வந்த நாற்றம். ஜன்னலைத் திறந்து ஒரு மாதம் ஆகிறது என்று பி பிளாக் தரைத்தளத்து அக்கா எழுதியிருந்தார். காரணம் பெரிய மர்மம் இல்லை. கரண்ட் பில்லைக் குறைக்க எஸ்.டி.பி.யின் புளோயரை இரவில் நிறுத்தலாம் என்று செயற்குழுவில் முடிவெடுத்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

புகார் வலுத்ததும், பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆள் இரண்டு வாளி பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் காற்றூட்டும் தொட்டியில் கொட்டினார். நாற்றம் போய்விட்டது. குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. அடுத்த வாரம் ஆய்வக அறிக்கை வந்தது: தண்ணீர் முன்பைவிட மோசம்.

நாற்றம் போனால் தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு பழைய புத்தகங்களைப் புரட்டியபோது, நம் ஊரே நூறு வருஷத்துக்கு மேலாக மூக்கை நம்பி ஏமாந்த கதை கிடைத்தது. பொதுக்குழுவுக்கு முன் அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

1889இல் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நேரில் வந்து பார்த்தார். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பு பற்றிய அவருடைய குறிப்புகள் அடுத்த ஆண்டு அச்சாயின. முத்து என்றதும் நமக்குக் கொற்கையும் பாண்டியனும் நினைவுக்கு வருவார்கள். குளிப்பு நடந்த கரையில் போய் நின்றவர்களுக்கோ நாற்றமும் ஈயும்தான் முதலில்.

லட்சக்கணக்கில் வந்து குவியும் சிப்பியை ஒவ்வொன்றாகக் கத்தியால் திறந்து முத்துத் தேடிக் கட்டாது. அதனால் வேலி அடைத்த இடத்தில் சிப்பியைக் குவித்து ஒரு வாரம், பத்து நாள் அழுக விடுவார்கள். ஈ மொய்த்து முட்டையிடும். புழு சதையைத் தின்று தீர்க்கும். பிறகு பழைய வள்ளம் ஒன்றில் கொட்டிக் கடல்தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். சதைக்கழிவும் புழுவும் மேலே மிதந்து தண்ணீரோடு போகும். கனமான மணலும் முத்தும் அடியில் தங்கும். தங்கியதைத் துணியிலும் சல்லடையிலும் அரித்து எடுப்பார்கள்.

இதையே நம் எஸ்.டி.பி.யின் வரிசையோடு வைத்துப் பாருங்கள். அங்கே புழு, இங்கே கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. அங்கே வள்ளம், இங்கே படிவுத் தொட்டி. அங்கே சல்லடை, இங்கே மணல் வடிகட்டியும் கரி வடிகட்டியும். உயிரைக் கொண்டு அழுக்கைத் தின்னச் செய்வது, கனமானதை அடியில் தங்கவிடுவது, மிச்சத்தை வடிகட்டுவது. அவர்கள் அடியில் தங்கியதை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கரையில் கொட்டினார்கள். நாம் அடியில் தங்கியதை லாரியில் ஏற்றிவிட்டுத் தண்ணீரைச் செடிக்கு விடுகிறோம். மற்றபடி வேலை ஒன்றுதான்.

முத்துக்குளிப்பு நடக்கும் சில வாரங்களுக்கு ஆளில்லா மணல்கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிடுவார்கள். கிணறுகளோ சொற்பம். எதிரே இலங்கைக் கரையில் காலரா வந்து முத்துக்குளிப்பு முகாம்களைப் பாதியில் கலைத்ததும் உண்டு. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று அந்தக் காலத்து டாக்டர்களே நம்பினார்கள். லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது நாடாளுமன்றத் திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்களாம். அப்படிப்பட்ட காலத்தில் அழுகும் சிப்பிமேல் பழி போடுவது இயல்புதான்.

1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலரா நோயாளிகளிடமிருந்தும், பிறகு மக்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரிலிருந்தும் அந்தக் கிருமியைப் பிரித்துக் காட்டினார். பரப்பியது காற்று அல்ல, மலம் கலந்த தண்ணீர். அந்தத் தண்ணீர் நாறவேண்டிய அவசியமே இல்லை. சிப்பிக் குவியல் குடலைப் புரட்டியிருக்கும். ஆளைக் கொன்றது தெளிந்த கிணற்றுத் தண்ணீர்.

தூத்துக்குடி நகராட்சி 1866இல் ஏற்பட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஊரின் கவலை முழுக்கக் குடிதண்ணீர்தான். உப்புக்காடு சூழ்ந்த ஊருக்கு வேறு கவலை எப்படி வரும்? 1920களில் நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். அவருக்கு ஊரில் சிலை இருக்கிறது, நியாயமான சிலை. சாக்கடை போட்டவருக்கு நம் பக்கத்தில் யாரும் சிலை வைத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே போகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. குழாயைத் திறந்த அன்றே ஊர் சாக்கடையையும் திறந்துவிட்டது. அதற்கு வழியாக வாய்த்தது பக்கிள் ஓடை. ஊருக்குள் வளைந்து வந்து திரேஸ்புரம் பக்கம் கடலில் சேரும் அந்த ஓடை, மழைத்தண்ணீரோடு வீட்டுக் கழிவையும் சுமந்தது. பாதாளச் சாக்கடையும் தருவைகுளத்தில் சுத்திகரிப்பு நிலையமும் இந்த நூற்றாண்டில்தான் வந்தன. இடைப்பட்ட காலமெல்லாம் கடல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டாகிவிட்டது.

கடல்மேல் இப்படி பாரத்தைப் போட்டது நம் ஊர் மட்டுமல்ல. கழிவுநீரை அளக்க உலகமே பயன்படுத்தும் பி.ஓ.டி. சோதனையைப் பாருங்கள். தண்ணீரிலுள்ள அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று சொல்லும் எண் அது. எண் பெரிதானால் அழுக்கும் அதிகம். அதை நிலைநிறுத்தியது பிரிட்டனின் ராயல் கமிஷன். அதன் 1912 அறிக்கை சோதனைக்கு 5 நாள் வைத்தது. ஏன் ஐந்து? பிரிட்டனில் எந்த ஆற்றுத் தண்ணீரும் அதற்குள் கடலுக்குப் போய்விடும் என்பதால்தான் என்று துறையில் சொல்வார்கள். கடலுக்குப் போனபின் கணக்கு முடிந்தது! நம் நாட்டில் வெப்பம் அதிகம் என்பதால் 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்க்கிறார்கள். சட்டத்திலும் அதே சலுகைதான். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது வரம்புப்படி, ஆறு குளங்களில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை. கடலோரத்தில் விட்டால் 100 வரை.

நம் புளோயர் விவகாரத்துக்கு வேர் 1914இல் மான்செஸ்டரில் இருக்கிறது. எட்வர்டு ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு பேர் பாட்டிலில் சாக்கடைத் தண்ணீரை ஊற்றிக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் சுத்தமாக ஐந்து வாரம் பிடித்தது. அதுவரை எல்லோரும் அடியில் தங்கிய சேற்றைக் கொட்டிவிட்டு அடுத்த சோதனைக்குப் போவார்கள். இவர்கள் சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு மேலே புதிய சாக்கடைத் தண்ணீரை ஊற்றினார்கள். மறுபடியும், மறுபடியும். ஐந்து வாரம் பிடித்த வேலை ஒரு நாளுக்குள் முடிய ஆரம்பித்தது. அந்தச் சேறு முழுக்கப் பசியோடிருக்கும் பாக்டீரியா. உலகத்துப் பெரிய ஊர்களில் பாதிக்கு மேல் இன்றைக்கும் இந்த வழிமேல்தான் நிற்கின்றன என்பது என் கணிப்பு. இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்த கில்பர்ட் ஃபௌலர் 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

நம் தொட்டியில் தேநீர் நிறத்தில் சுழலுமே, அதுவும் அந்த வம்சம்தான். புளோயரை நிறுத்தினால் அதற்கு மூச்சு முட்டும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு கூட்டம் தலையெடுத்து, அழுகிய முட்டை வாடையை விடும். அதன்மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் நல்லது கெட்டது இரண்டும் சாகும். வாடை போகும், வேலை செய்ய ஆளும் இருக்காது. குளோரின் போட வேண்டிய இடம் கடைசித் தொட்டி; நாம் போட்டது நடுத்தொட்டி. அறிக்கையில் தெரிந்தது அதுதான்.

இனி நாறவே நாறாத அழுக்குகள். 1974இல் நம் துறைமுகம் பெரிய துறைமுகமானது, 1975இல் ஸ்பிக் உர ஆலை, 1979இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு. அனல்மின் நிலையத்திலிருந்து போன வெந்நீரும் சாம்பல் கலந்த தண்ணீரும் பக்கத்துக் கடற்பரப்பை எப்படி மாற்றின என்று இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள். வெந்நீருக்கு ஏது வாடை? பாதரசம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கும் கிடையாது. பாக்டீரியா அவற்றைத் தின்று தீர்க்காது. சேற்றில் கொஞ்சம் ஒட்டும், அவ்வளவுதான். ரசாயனம் சேர்த்துத் திரியவைத்துப் படியவிட வேண்டும், அல்லது ஆலைக்குள்ளேயே பிடிக்க வேண்டும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் பாதரச நோய் வெளியே தெரிந்தபோது மீன் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் நம் பழைய சிப்பி மறுபடி வருகிறது. சிப்பி இரை தின்பதே தண்ணீரை வடிகட்டித்தான். தண்ணீரில் மிகக் குறைவாக இருக்கும் உலோகம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் கடலோரச் சிப்பிகளையே காவலாளியாக வைத்து மாசை அளக்கலாம் என்று 1975இல் எட்வர்டு கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி யோசனை சொன்னார். உலகெங்கும் அது நடைமுறைக்கு வந்தது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ‘ஃபேக்டரி வந்துதான் நம்ம முத்து போச்சு’ என்று வாக்கிங் போகும்போது அண்ணாச்சிகள் சிலர் சொல்வார்கள். தேதி ஒத்துவரவில்லை. இங்கே கடைசியாக முத்துக்குளிப்புகள் நடந்தது 1955க்கும் 1961க்கும் இடையே. பெரிய ஆலைகள் அதற்குப் பிறகு வந்தவை. அதற்கு முன்பும் சிப்பிப் படுகை பல வருஷம் காலியாகக் கிடந்து திரும்ப நிரம்பியது உண்டு. 1973இல் வேப்பலோடையில் டாக்டர் அழகர்சாமி குழுவினர் செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கழிவுநீர்மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. செய்யாத குற்றத்தை அதன்மேல் ஏற்ற முடியாது.

கடைசியாக உப்பு. நம் தோட்டத்துச் செம்பருத்தி இலை ஓரம் கருகுவதற்குத் தோட்டக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். தப்பு அவர்மேல் இல்லை. போர்த் தண்ணீரே உப்பு. அதோடு சாஃப்ட்னர் கழுவும் உப்புத்தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தள்ளிவிடும் தண்ணீரும் எஸ்.டி.பி.க்குத்தான் போகின்றன. எந்தப் பாக்டீரியாவும் கரைந்த உப்பைத் தொடாது. மணலும் கரியும் தொடாது. அதற்குச் சவ்வு வேண்டும். கலிஃபோர்னியாவில் 1960ஐ ஒட்டி சிட்னி லோயப்போடு சேர்ந்து அந்தச் சவ்வைச் செய்தவர் சீனிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பெயர்! சென்னை கொடுங்கையூரில் 2019இல் தொடங்கிய நிலையம், இந்தச் சவ்வு வழியாகச் சாக்கடைத் தண்ணீரை நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை ஆலைகளுக்கு ஏற்றதாக மாற்றக்கூடியது. ஆனால் சவ்வு பிரிக்கும் உப்பு எங்கும் மறைவதில்லை, செறிந்த கரைசலாக ஒரு பக்கம் நிற்கும். நம் அளவுக்கு அது கட்டுப்படியாகாது. சாஃப்ட்னர் கழுவுநீரைத் தனியாகப் பிரிப்பது கட்டுப்படியாகும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. வெள்ளம் வடிந்த பிறகு நம் சம்பில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. ‘பாக்க நல்லாத்தானே இருக்கு’ என்று மோட்டார் போடப் போன அண்ணாச்சியைத் தடுத்து நிறுத்திச் சம்பைக் காலி செய்தோம். சாக்கடை மேன்ஹோலும் சம்பும் இரண்டு நாள் ஒரே வெள்ளத்துக்கடியில் கிடந்தவை. அன்றைக்கு மூக்கும் கண்ணும் நல்ல சர்டிஃபிகேட்தான் கொடுத்தன.

பொதுக்குழுவில் மூன்று விஷயம் வைக்கப் போகிறோம். புளோயர் இரவிலும் ஓட வேண்டும். டைமர் வைத்து இடைவெளி விடலாமா என்பதைத் தொட்டியில் ஆக்சிஜனை அளந்து பார்த்த பிறகு பேசலாம். இரண்டாவது, இதுவரை நாம் பார்க்காமல் விட்ட மலக்கோலிஃபார்ம் சோதனை. சுத்திகரித்த தண்ணீரில் அது 100 மில்லிலிட்டருக்கு 1000க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று 2017 மத்திய அரசு அறிவிக்கை சொல்கிறது. நம் தண்ணீர் தெளிக்கும் புல்தரையில்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள். மூன்றாவது சாஃப்ட்னர் குழாய். செலவு விவரம் தனித்தாளில் இருக்கிறது. மின்கட்டணம் கூடும், அதை மறைக்கவில்லை.

புளோயர் மறுபடி முழுநேரம் ஓடத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. பிளாண்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி நேற்று ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்தார். அரைமணி நேரத்தில் பழுப்புச் சேறு அடியில் இறங்கி, மேலே தெளிந்து வந்தது. ‘சேறு திரும்பி வருது சார்’ என்றார். சாம்பிள் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. அறிக்கை வந்ததும் ஏ பிளாக் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிறோம்.