நீலம் வெளிறிய வானங்கள்

நீர்வண்ண ஓவியத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் டர்னரின் பொன்னொளியிலிருந்தே தொடங்குவர். அவ்வொளி தோன்றுவதற்குச் சற்று முன்னர், மூன்று நான்கு வண்ணங்களையே கைக்கொண்டு மலையையும் ஆற்றையும் வானையும் தீட்டியவர் சிலர் இங்கிலாந்தில் வாழ்ந்தனர். சொற்சிக்கனத்தைப் பற்றிப் பத்தாண்டுகளாகப் பேசிவரும் நம் வட்டத்தினர்க்கு அவர்தம் வரலாறு அயலாகத் தோன்றாது என்னும் துணிவிலேயே இதனை எழுதுகிறேன்.

எண்ணெய் வண்ணத்தில் வெள்ளை என்பது பூசப்படும் ஒரு பொருள். அக்காலத்தார் கையாண்ட நீர்வண்ண முறையிலோ, வெள்ளை என்பது பூசாது விடப்படும் தாள். வண்ணம் மெல்லிய கண்ணாடிபோல் மேலே படிந்து நிற்க, அடியிலுள்ள தாளே ஒளியைத் திருப்பித் தருகிறது. பல வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்தால் அவ்வொளி மங்கிச் சேற்று நிறமாகிவிடும். எனவே ஓவியன் தன் வண்ணங்களைக் குறைத்துக்கொள்வதற்கு முதற்காரணம் தாளின் இயல்பே ஆகும். கடினமான வண்ணக்கட்டியை அரைத்துப் பிசினோடு குழைத்து ஆயத்தம் செய்யும் தொல்லையும் உடன் இருந்தது. நீரில் தோய்த்தவுடன் கரையும் வண்ண வில்லைகளை உருவாக்கியமைக்காக ரீவ்ஸ் உடன்பிறப்பினர் இலண்டன் கலைக்கழகத்தின் வெள்ளிப் பரிசைப் பெற்றது 1781இல்தான்.

அந்நூற்றாண்டின் நிலக்காட்சிப் படங்களில் பெரும்பாலானவை செய்தி சொல்லப் பிறந்தவை. பேனாவால் உருவரை; சாம்பல் நிறத்தால் நிழல்; அதன்மேல் போனால் போகிறதென்று தெளித்தாற்போல் சிறிது பச்சை, சிறிது மஞ்சள். கோட்டையும் ஆறும் எங்குள்ளன என்று படைத்தலைவர்க்கு உணர்த்துவதற்கு அது போதும். வுல்விச் படைக்கலைக் கல்லூரியில் பால் சாண்ட்பி 1768 முதல் இத்தகைய வரைகலையையே பயிற்றுவித்தார். 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்கோடி வரை சென்று மீண்ட டேனியல் குடும்பத்து இருவர், தாமஸும் வில்லியமும், வெளியிட்ட அச்சுப்படங்களிலும் இவ்வழக்கின் சாயலைக் காணலாம். ஓரிரு மங்கிய மையில் அச்சிட்டுப் பின்னர்க் கையால் வண்ணமிட்ட படங்கள் அவை. பாபநாசத்து அருவியும் அவற்றுள் உண்டு. பாறையும் நீரும் பழுதறப் பதிவாகியுள்ளன. ஆயினும் பொருநைக்கரை வெயிலை அறிந்தவர்க்கு அப்படம் யாரோ நிழலில் அமர்ந்து நினைவுகூர்ந்ததுபோல் தோன்றும் என்பது என் எண்ணம்.

செய்திப்படம் கவிதையானது ஜான் ராபர்ட் கோசன்ஸ் என்பாரிடத்தில். 1752இல் பிறந்த அவர், 1776இலும் 1782இலும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குச் சென்றார். அவர் தீட்டிய ஏரிகளிலும் மலைகளிலும் நீலமும் சாம்பலும் மங்கிய பச்சையுமே ஓங்கி நிற்கின்றன. நிறம் மிகாமையால் தொலைவு மிகுகிறது; தொலைவு மிகுந்தமையால் ஒரு துயரம் படத்தில் வந்து குடிகொள்கிறது. பிற்கால ஓவியர் கான்ஸ்டபிள் அவரை முழுவதும் கவிதையே எனப் போற்றியது மிகையன்று. 1794இல் கோசன்ஸ் மனநோயுற்றார். அவரைப் பேணிய மருத்துவர் தாமஸ் மன்றோ. (சென்னை மாகாண ஆளுநராக இருந்து நம் மக்களால் இன்றும் நினைக்கப்படும் மன்றோ வேறு, இவர் பெத்லெம் மருத்துவமனையின் மருத்துவர்.) நோயாளியின் முடிவுறாத வரைவுகள் மருத்துவர் இல்லத்தில் இருந்தன. அவற்றைப் படியெடுக்க அவர் மாலைதோறும் இளைஞர் சிலரை அழைத்தார். அவருள் இருவர் 1775இல் பிறந்த ஒத்த அகவையினர்: டர்னரும் தாமஸ் கெர்ட்டினும். கெர்ட்டின் உருவரையை எழுதுவார், டர்னர் நீர்ப்பூச்சிடுவார். ஆறு மணி முதல் பத்து மணி வரை வேலை. டர்னருக்கு மாலை ஒன்றுக்கு மூன்றரை ஷில்லிங். இதனை அவ்விருவர் வாய்மொழியாகவே கேட்டு ஃபாரிங்டன் 1798இல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அப்பயிற்சியில் பெரும்பாலும் நீலமும் சாம்பலுமே வழங்கின. கோசன்ஸ் 1797இல் மறைந்தார். அறிவு மயங்கிய ஒருவரின் அரைகுறைக் கோடுகளிலிருந்து ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தின் இரு பெருங்கைகள் பயின்று எழுந்தன என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை வருத்துவது.

இருவருள் கெர்ட்டின் செய்த மாறுதல் நம் பொருளுக்கு இன்றியமையாதது. சாம்பல் நிழலை முன்னர் இட்டுப் பின்னர் நிறந்தெளிக்கும் பழைய முறையை அவர் கைவிட்டார்; நிறத்தையே நேராகத் தாளில் பரப்பினார். மஞ்சட்காவி, செங்காவி, வறுத்த சியன்னா மண் போன்ற மண்வண்ணங்களும் அவற்றுக்கு எதிராக ஒரு குளிர்ந்த நீலமும் அவர்தம் படங்களைத் தாங்கி நிற்கின்றன. 1800இல் அவர் தீட்டிய ‘செல்சியின் வெள்ளை வீடு’ இன்று டேட் காட்சிக்கூடத்தில் உள்ளது. தாழ்ந்த கரை, அகன்ற தேம்ஸ் ஆறு, மாலை வானம். நடுவே சிறியதாய் ஒரு வீடு. அவ்வீட்டுக்கு வண்ணமில்லை. சுற்றிலும் பூசி, அவ்விடத்தை மட்டும் தாளாகவே விட்டுவிட்டார். ஆற்றில் விழும் அதன் நிழலும் அவ்வாறே. இருண்டுவரும் மாலையில் கடைசி ஒளி அவ்வீட்டின்மேல் விழுந்ததைக் காட்டுவதற்கு ஒரு துளி வண்ணமும் செலவாகவில்லை. 1802 நவம்பரில், தம் இருபத்தேழாம் அகவையில் கெர்ட்டின் காலமானார்.

இனி நீலத்துக்கு வருவோம். அவர் காலத்து வண்ணத்தட்டில் பெரிதும் வழங்கிய நீலங்களுள் ஒன்று அவுரியிலிருந்து எடுப்பது. அவுரித் தழையைத் தொட்டியில் ஊறவைத்து, புளித்த நீரைக் காற்றுப்படக் கடைந்து, அடியில் தங்கும் வண்டலைக் கட்டியாக்கும் தொழில் தென்னார்க்காட்டு மக்களுக்கு நன்கு தெரிந்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் கைவிட்டுப் போனபின் பிரிட்டன் தன் தேவைக்கு வங்காளத்து அவுரியைப் பெரிதும் நம்பியது. அத்தோட்டங்களின் கொடுமை 1859இல் உழவர் கிளர்ச்சியாக வெடித்ததை வரலாறு படித்தோர் அறிவர். அவுரி நீலத்தோடு செங்காவியைச் சேர்த்தால் மேகத்துக்குரிய ஆழ்ந்த சாம்பல் கிடைக்கும். இரண்டே வண்ணங்களில் ஒரு மழைவானம்!

ஆனால் அவுரி ஒளிக்கு அஞ்சும். இரும்பு கலந்த காவி அஞ்சாது. ஆண்டுக்கணக்கில் சுவரில் தொங்கிய படங்களில் நீலம் மெல்ல வெளிறிற்று; காவி எஞ்சிற்று. கெர்ட்டினின் படங்கள் பலவற்றில் வானம் இன்று செம்பழுப்பாகத் தெரிவது இதனால்தான். பத்து வண்ணங்களால் ஆன படத்தில் ஒன்று போனால் ஒரு மூலை மங்கும். இரண்டு வண்ணங்களால் ஆன வானத்தில் ஒன்று போனால் மழையே போய்விடும், நண்பகல் மாலையாகிவிடும்.

இவ்விடத்தில் நம் திணைக்கவிதை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. முதல், கரு, உரி என வகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் சில பூ, சில பறவை, ஒரு பொழுது என்னும் அளவில் நின்று பாடியவர்கள் சங்கப் புலவர்கள். பொருள்கள் சிலவே ஆதலின் ஒவ்வொன்றும் சுமக்கும் பொருள் மிகுதி. நெய்தற் பாட்டொன்றைப் பாடம் சொல்லும்போது ‘ஞாழல் எந்த மரம்?’ என்று மாணவியர் கேட்கின்றனர். குறிப்புரையைக் காட்டுகிறேன். குறிப்புரையால் பெயர் விளங்குகிறது. மணலில் உதிர்ந்த அம்மலரைக் கண்டவர்க்கு உள்ளுறையாய் எழுந்தது எழவில்லை. அங்கும் ஒரு நீலம் வெளிறியிருக்கிறது. சொற்குறைவைப் புகழும் நாம், சொல் குறையக் குறைய ஒவ்வொன்றையும் காக்கும் பொறுப்பு கூடுகிறது என்பதைப் போதிய அளவு பேசியதில்லை.

ஓவிய உலகம் இதனைப் பேசியது, சண்டையிட்டும் பேசியது. நீர்வண்ணப் படங்களை ஒளியில் காட்டுவது அவற்றை அழிப்பதாகும் என்று அரண்மனை ஓவியங்களின் கண்காணிப்பாளர் ராபின்சன் 1886இல் டைம்ஸ் இதழில் எழுத, முறையாகப் பேணினால் கேடில்லை என்று ரஸ்கின் மறுத்தார். வழக்குத் தீர்க்க அரசு இரு அறிவியலாரை அமர்த்தியது. ரஸ்ஸலும் ஆப்னியும் வண்ணம் பூசிய தாட்கீற்றுகளைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு வெயிலில் வைத்துச் சோதித்து, 1888இல் அறிக்கை தந்தனர். அவுரி வெளிறியது; காவிகள் நின்றன. காற்றும் ஈரமும் நீக்கிய குழாய்களில் பெரும்பாலான வண்ணங்கள் அவ்வளவாக மாறவில்லை என்பதும் தெரியவந்தது.

அதன் பின்னர்க் காட்சிக்கூடங்கள் திரையிட்டன, விளக்கைத் தணித்தன. நீர்வண்ணப் படத்தின்மேல் ஏறத்தாழ 50 லக்ஸ் ஒளிக்கு மேல் விழலாகாது என்பது இன்றைய பொது நடைமுறை. ஹென்றி வாகன் என்னும் சேகரிப்பாளர் டர்னரின் 38 நீர்வண்ணப் படங்களை ஸ்காட்லாந்துக்கு விட்டுச் சென்றபோது ஒரு கட்டுப்பாடும் விதித்தார்: பகலொளி மிகக் குன்றியிருக்கும் ஜனவரித் திங்களில் மட்டுமே அவற்றைக் காட்ட வேண்டும். எஞ்சிய பதினொரு திங்களும் அவை பேழையில் இருளில் இருக்கும்.